ஆஸ்ப்ரேயின் கியர்பாக்ஸில் என்னதான் நடக்கிறது?

வி-22 ஆஸ்ப்ரே, இறக்கை நுனியிலுள்ள எஞ்சினையும் ரோட்டரையும் மேலே திருப்பி ஹெலிகாப்டர்போல எழும்பி, முன்னே சாய்த்து விமானம்போலப் பறக்கும் அமெரிக்கப் படை விமானம். அது விழும்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் காதில் விழுகிறது: "பாதி விமானம், பாதி ஹெலிகாப்டர், அதனால்தான் விழுகிறது." கேட்கச் சரியாகத்தான் இருக்கும். விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை நடந்த நான்கு விபத்துகளில் 20 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். இவற்றில் ஒன்றிலும் எஞ்சினைச் சாய்க்கும் பொறி உடைந்து கொல்லவில்லை. நார்வே, ஆஸ்திரேலியா விபத்துகள் விமானத்தைக் கையாண்ட விதத்தால் வந்தவை. கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் கொன்றது எஞ்சினுக்கும் ரோட்டருக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரங்களும் கிளட்சும்தான். இந்தப் பதிவு அந்த இடைப்பட்ட பகுதியைப் பற்றியது.

முதலில் அமைப்பு. இறக்கையின் இரு நுனிகளிலும் நாசெல் எனப்படும் கூடு. அதற்குள் ரோல்ஸ்ராய்ஸ் ஏ.இ.1107சி எஞ்சின், ஒவ்வொன்றும் 6,150 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து வெளிவரும் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்று சுற்றும். ரோட்டருக்கு வேண்டியதோ ஹெலிகாப்டர் நிலையில் 397 சுற்றுதான். விமான நிலையில் அதையும் சுமார் 84 விழுக்காட்டுக்குக் குறைப்பார்கள். அதாவது 38-க்கு 1 என்ற குறைப்பு. அதைச் செய்வது ரோட்டர் கியர்பாக்ஸ். வேகம் குறையும் அளவுக்கு முறுக்குவிசை பெருகும். அந்தப் பெருக்கம் முழுவதையும் ஒருசில கோள் பல்சக்கரங்களின் (நடுச்சக்கரத்தைச் சுற்றிக் கோள்கள்போல் அமைந்த சிறு சக்கரங்கள்) பற்கள் தாங்க வேண்டும்.

இதுபோக, ஒரு எஞ்சின் நின்றாலும் இரண்டு ரோட்டரும் சுற்ற வேண்டும். இறக்கை நுனிகளில் இருக்கும் இரண்டு ரோட்டர்களில் ஒன்று நின்றால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்துவிடும், மீட்க நேரம் இருக்காது. எனவே இறக்கைக்குள் குறுக்காக ஓர் இணைப்புத் தண்டு. இரு நுனியிலும் ரோட்டர் கியர்பாக்ஸ், அதை ஒட்டி நாசெல் திரும்பும் அச்சில் இன்னொன்று, இறக்கையின் நடுவே ஒன்று என மொத்தம் ஐந்து கியர்பாக்ஸ். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் ஹெலிகாப்டருக்கு உள்ள கடைசிப் புகலிடமும் இதற்கு இல்லை. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர், காற்றே சிறகைச் சுற்ற, ஓரளவு மெதுவாக இறங்கிவிடும். ஆஸ்ப்ரேயின் ரோட்டர் விட்டம் 38 அடி, அதாவது 11.6 மீட்டர். மரைன் படையினரைச் சுமக்கும் தாக்குதல் கப்பல் தளத்தில் இடிக்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கப்பட்ட அளவு அது. 21 டன் எடையை அந்த வட்டங்களின் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ வரும். அதே எடைக்கு 60 அடி ரோட்டர் இரண்டு கொண்ட சினூக் ஹெலிகாப்டரில் அது பாதிக்கும் குறைவு. சிறிய வட்டம், பெரிய சுமை. இதில் தானே சுற்றி இறங்குவதை நம்பிப் பறக்க முடியாது.

இனி கிளட்ச். எஞ்சின் தண்டு கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் உள்ளீட்டுக் குவில் தொகுதி (input quill assembly) என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பது ஸ்ப்ராக் கிளட்ச், ஒருவழிப் பூட்டு. எஞ்சின் ரோட்டரைச் சுற்றலாம்; எஞ்சின் நின்றால் ரோட்டர் எஞ்சினை இழுக்காமல் தனியே சுற்றும். இரண்டு வளையங்களுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் சிறு எஃகுத் துண்டுகள் ஒரு திசையில் இறுகும், மறுதிசையில் வழுக்கும். சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யும் அதே வேலை, ஆனால் 6,000 குதிரைத்திறனைத் தாங்கிக்கொண்டு.

இந்தத் துண்டுகள் தேயும்போது, இறுகி நிற்க வேண்டிய நேரத்தில் ஒரு கணம் வழுக்குகின்றன. அந்த எஞ்சினின் விசை ரோட்டருக்குப் போகாமல் நிற்கிறது. உடனே கட்டுப்பாட்டுக் கணினி மறு எஞ்சினிடம் கூடுதல் விசை கேட்கிறது, இணைப்புத் தண்டு அதை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. இதற்குள் சுமை இல்லாத எஞ்சின் வேகமெடுத்திருக்கும். அப்போது கிளட்ச் மீண்டும் கடிக்கும். இரு பக்கத்து விசையும் ஒரே நேரத்தில் மோத, முறுக்குவிசை சட்டென்று எகிறும். வன்பிடிப்பு என்று சொல்லக்கூடிய இந்த நிகழ்வு 2010-லிருந்தே தெரியும். பெரும்பாலும் விமானி உடனே இறக்கிவிடுவார், எஞ்சினும் கியர்பாக்ஸும் மாற்றப்படும், உயிர்ச்சேதம் இருக்காது. அதனாலேயே பல ஆண்டுகள் இதைத் தாங்கிக்கொள்ளக்கூடிய குறையாகவே வைத்திருந்தார்கள். இந்த விமானத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த முடிவுதான்.

2022 ஜூன் 8 அன்று கலிபோர்னியாவின் கிளாமிஸ் அருகே எம்வி-22 (மரைன் படையின் ஆஸ்ப்ரே வகை) ஒன்று விழுந்து ஐந்து மரைன்கள் இறந்தார்கள். இரு பக்கக் கிளட்சுகளும் வழுக்கிக் கடித்தன. வலப்புற ரோட்டருக்கு விசை போகும் வழியும் இணைப்புத் தண்டு வழியும் சேர்ந்து அறுந்தன. விமானிகள் இதை முன்கூட்டி அறியவோ தடுக்கவோ வழியில்லை என்றது அறிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில் விமானப் படையின் ஆஸ்ப்ரே வகையான சிவி-22 ஒன்று வன்பிடிப்புக்குப் பின் நார்வேயின் சென்யா தீவில், ஓர் இயற்கைக் காப்பகத்தின் கரையில் இறங்கியது. ஆள் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சாலையே இல்லாத இடம். கடைசியில் கிரேன் கப்பலைக் கொண்டுவந்து தூக்கினார்கள். குறுகிய காலத்தில் இரண்டு முறை இப்படி நடந்ததால், விமானப் படையின் சிறப்புப் பிரிவு தன் 52 சிவி-22-களையும் தரையில் நிறுத்தியது.

தீர்வு எளிமையாகத் தெரிந்தது, விலைதான் அதிகம். 2023 பிப்ரவரியில், 800 பறப்பு மணி கடந்த உள்ளீட்டுக் குவில் தொகுதிகளை மாற்ற உத்தரவு வந்தது. தேய்மானம் பறப்பு மணியோடு கூடுகிறது என்று தரவு காட்டியதால், உடையும் வரை காத்திருக்காமல் கெடு வைத்து மாற்றும் முறை. வன்பிடிப்பின் வாய்ப்பு இதனால் 99 விழுக்காடு குறைந்ததாக மரைன் படை சொன்னது. புதிதாக வடிவமைத்த தொகுதிக்கான வேலையும் நடக்கிறது.

கிளட்ச் அடங்கியது என்று மூச்சுவிடுவதற்குள் 2023 நவம்பர் 29. ஜப்பானின் இவகுனியிலிருந்து ஒகினாவாவின் கடேனாவை நோக்கிப் பறந்த சிவி-22 யாகுஷிமா தீவின் அருகே கடலில் விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். இம்முறை கிளட்சுக்கு வேலை இல்லை. இடப்புற ரோட்டர் கியர்பாக்ஸின் அதிவேகக் கோள் பகுதியில் ஒரு பினியன் (சிறு பல்சக்கரம்) விரிசல் விட்டு உடைந்தது. உடைந்த துண்டு மற்றப் பற்களுக்கிடையே சிக்கி அவற்றையும் அரைத்துவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்புத் தண்டு எஞ்சின் நின்றால் உதவும்; ரோட்டர் தண்டுக்குப் போகும் வழியிலேயே பல் உடைந்தால் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இதற்கு முன்பே கியர்பாக்ஸ் பலமுறை குரல் கொடுத்திருந்தது. எப்படி என்று புரிந்துகொள்ள சிப் டிடெக்டரைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் ஓடும் வழியில் காந்தம் பொருத்திய ஒரு திருகு. அதில் இரு முனைகளுக்கு நடுவே சிறு இடைவெளி. எண்ணெயில் வரும் இரும்புத் துகள் அந்த இடைவெளியை அடைத்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும், விமானி அறையில் எச்சரிக்கை எரியும். புதுப் பல்சக்கரங்கள் ஓடும்போது மயிர் போன்ற நுண்துகள் வருவது இயல்பு. ஒவ்வொன்றுக்கும் இறங்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால், டிடெக்டரே ஒரு மின் துடிப்பை அனுப்பி அந்த மயிரை எரித்துவிடும். எரிந்தது என்ற தகவல் மட்டும் திரையில் வரும். எரிக்க முடியாத அளவு பெரிய துகள் என்றால் எச்சரிக்கை நிலைத்து நிற்கும்.

யாகுஷிமா விமானத்தில் ஐந்து முறை துகள் எரிந்த தகவல் வந்தது. ஆறாவது எரியவில்லை. அப்போதிருந்த விதி மூன்றாவது முறை வந்ததும் வசதிப்பட்ட இடத்தில் இறங்கச் சொன்னது. முடிந்த முதல் இடத்திலேயே இறங்கு என்ற கடும் விதி, வேறு அறிகுறிகளும் சேர்ந்தால்தான். எனவே முடிவு விமானியின் கையில். பயிற்சியைத் தொடர்ந்தார்கள். யாகுஷிமாவைவிட அருகில் இறங்கும் இடங்கள் இருந்தும் அங்கே போகவில்லை. யாகுஷிமா ஓடுபாதைக்கு அரை மைல் இருக்கும்போது இடப்புற ரோட்டர் விசை இழந்தது. 2024 ஆகஸ்டில் வந்த அறிக்கை விமானிகளின் முடிவைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. கூடவே, இந்தவகை ஆபத்து பற்றித் தெரிந்த தகவல் ஆஸ்ப்ரே திட்டத்தை நடத்தும் அலுவலகத்திலிருந்து பறப்பவர்களுக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய குற்றச்சாட்டு. ஒரு துகளுக்குப் பின்னால் பினியன் முறியலாம் என்று விமானிக்குத் தெரிந்திருந்தால் அதே திரையை வேறு கண்ணால் பார்த்திருப்பார்.

பராமரிப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. டிடெக்டரைக் கழற்றினால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. மாவு போன்ற கருஞ்சேறு சாதாரணத் தேய்மானம். தட்டையாக, ஒருபக்கம் பளபளப்பான செதில் வந்தால் தாங்கியோ பல்லோ மேற்பரப்பு உரிகிறது என்று பொருள். ஊசி போன்ற நீளத் துண்டு பெரும்பாலும் வெட்டுத்தேய்மானம். ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் சுருங்கிக்கொண்டே வந்தால் எந்த வடிவமானாலும் நிறுத்த வேண்டியதுதான். பறக்கும்போது துகளை எரித்துவிடும் வசதியின் கேடு இங்கேதான்: தரையில் கழற்றிப் பார்க்க வேண்டிய சாட்சியத்தை அது வானத்திலேயே அழித்துவிடுகிறது.

பினியன் ஏன் உடைந்தது? அது எக்ஸ்-53 என்ற எஃகில் செய்தது. வெற்றிடத்தில் இருமுறை உருக்கி எடுக்கும் உயர்தர எஃகுதான். ஆனாலும் உருக்கின்போது சிக்கிக்கொள்ளும் உலோகமல்லாத நுண்கசடு எங்கோ ஒன்று மிஞ்சுகிறது. பல் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் அந்தக் கசடைச் சுற்றி அழுத்தம் குவிகிறது; அங்கிருந்து விரிசல் புறப்படுகிறது. வெளிப்பரப்பைச் சோதித்தால் தெரியாது, உள்ளே இருப்பதால். மூன்றாவது முறையும் உருக்கினால் கசடு வெகுவாகக் குறையும் என்பது தெரிந்ததே. ஆனால் ஒவ்வொரு விமானத்திலும் பல்சக்கரங்களை மாற்றப் புது எஃகு வார்த்து, அறுத்து, கடினப்படுத்தி, சோதித்து எடுக்க வேண்டும். இது ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை.

விபத்துக்குப் பின் 2023 டிசம்பர் 6 அன்று எல்லா ஆஸ்ப்ரேகளும் நிறுத்தப்பட்டன. 2024 மார்ச் 8 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள், ஆனால் இறங்கக்கூடிய விமானத் தளத்திலிருந்து 30 நிமிடத் தொலைவுக்கு அப்பால் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. கடலின் நடுவே உள்ள விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோக பழைய சி-2 கிரேஹவுண்டுக்குப் பதிலாக வாங்கிய கடற்படையின் சிஎம்வி-22-க்கு இந்த நிபந்தனை எவ்வளவு இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பரில் நியூ மெக்சிகோவின் கேனன் தளத்தில் ஒரு சிவி-22-இலும் உலோகக் குறையால் பல்சக்கரம் பழுதாகி, விமானம் பத்திரமாக இறங்கியது. டிசம்பரில் மீண்டும் இடைநிறுத்தம். அதன் பிறகு ஒவ்வொரு கியர்பாக்ஸின் பறப்பு மணியையும் கணக்கெடுத்தார்கள். குறிப்பிட்ட மணிக்கும் குறைவாக ஓடியவற்றுக்குத்தான் கூடுதல் கட்டுப்பாடு. புதியதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் கசடு இருக்கும் பல்சக்கரம் தன் ஆயுளின் தொடக்கத்திலேயே உடைகிறது. அந்த வாசலைத் தாண்டியது நெடுநாள் ஓடிவிடும்.

இன்னொரு முயற்சி அதிர்வு உணரிகள். கியர்பாக்ஸின் அதிர்வைத் தொடர்ந்து அளந்தால், துகள் வருவதற்கு முன்பே பல் தளர்வதைக் கண்டுபிடிக்கலாம். பல ஹெலிகாப்டர்களில் இது பழகிய தொழில்நுட்பம். ஆஸ்ப்ரேயின் ரோட்டர் கியர்பாக்ஸுக்கு இது இவ்வளவு தாமதமாக வருவது வியப்புதான்.

பழைய விபத்துகளைச் சுருக்கமாகப் பார்த்தாலும் திருத்தம் எப்படி வந்தது என்பது தெரியும். 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் 19 மரைன்கள் இறந்தது, தன் சுழல்காற்றுக்குள் தானே அமிழ்ந்ததால். முன்வேகம் 40 நாட் (knot) அளவுக்குக் கீழே இருக்கும்போது நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்ற வரம்பைவிட அது இருமடங்குக்கு மேல் வேகமாக இறங்கியிருந்தது. அதன்பின் எச்சரிக்கைக் கருவி பொருத்தினார்கள், நாசெல்லை முன்னோக்கிச் சாய்த்து மீளும் முறையையும் பழக்கினார்கள். அதே டிசம்பரில் வட கரோலினாவில், கம்பிக்கட்டு உரசிய ஹைட்ராலிக் குழாய் வெடித்தது. மென்பொருள் குறையால், விமானி மீட்டமைப்புப் பொத்தானை அழுத்த அழுத்த ரோட்டர் இன்னும் தறிகெட்டது. நால்வர் இறந்தார்கள். 2015-இல் ஹவாயில் புழுதிக்குள் மிதந்து நின்ற விமானத்தின் எஞ்சினில் மணல் உருகிக் கண்ணாடிபோல் படிந்தது. அதன்பின் புழுதியில் மிதக்கும் நேரம் 60 நொடியிலிருந்து 35 நொடியாகக் குறைக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் விதியும் மென்பொருளும் போதுமானதாக இருந்தது. கியர்பாக்ஸுக்குப் போதாது.

பெல் நிறுவனம் இதே வகையில் அடுத்து உருவாக்குவது தரைப்படைக்கான எம்வி-75. 2017 டிசம்பரில் முதலில் பறந்த வி-280 வேலரிலிருந்து வந்தது. 2022 டிசம்பரில் தேர்வானது. இதில் எஞ்சின் சாய்வதில்லை, கிடையாகவே நிலைத்திருக்கும். ரோட்டரும் அதன் கியர்பாக்ஸின் முனையும் மட்டுமே திரும்பும். எண்ணெய் ஓட்டம் எளிதாகிறது, எஞ்சினின் சூடான புகை நேராகத் தரையைச் சுடுவதில்லை, இறங்கும்போது பக்கவாட்டுக் கதவு வழியே ஆட்கள் இறங்கவும் இடம் கிடைக்கிறது. இறக்கைக்குள் குறுக்குத் தண்டு மட்டும் இதிலும் உண்டு. ஒருவழிக் கிளட்சும் கோள் பல்சக்கரங்களும் இல்லாமல் இதுவும் பறக்காது.