பவர் பிரஸ் பட்டறையின் பாதுகாப்புக் கொள்கையில் என்ன எழுத வேண்டும்?

பவர் பிரஸ் என்பது மோட்டாரால் ஓடி, தகட்டை அடித்து வெட்டும் மெஷின். 'பாதுகாப்பே முதல் குறிக்கோள்' என்று பிரேம் போட்டு மாட்டிய காகிதத்தால் ஒரு விரல்கூடத் தப்பாது. எந்த மெஷினில், எந்த வேலையில் கை போகும் என்று கொள்கை சொல்ல வேண்டும். 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வந்த 7ஏ பிரிவு, கொள்கையை எழுதி எல்லாத் தொழிலாளருக்கும் தெரியப்படுத்தச் சொன்னது. அதனால் தமிழிலும், வடமாநில ஆட்கள் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மெஷின் பக்கத்திலேயே செய்து காட்டுங்கள்.

பெடலை மிதித்தால் ராம் என்ற மேல்பகுதி இறங்கி, டை என்ற அச்சில் வைத்த தகட்டை அடிக்கும். கீழ் டையில் ஒரு வாஷர் ஒட்டிக்கொள்ளும். அதை விரலால் தட்டிவிடக் குனியும்போது பெடல்மேல் இருக்கும் கால் அழுத்திவிடும். சுற்றும் சக்கரத்தோடு ராமை இணைக்கும் கிளட்ச் சாவி தேய்ந்து பிரேக்கும் தளர்ந்திருந்தால், மிதிக்காமலே இரண்டாவது அடி விழும். ஆகவே டைக்குள் கை போகவே கூடாது. பீஸ் எடுக்க ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இடுக்கி தொங்க வேண்டும். காந்தக் குச்சியை மட்டும் நம்பாதீர்கள், பித்தளையையும் அலுமினியத்தையும் அது எடுக்காது. பெடலுக்கு மேல்மூடி வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது பீஸ் வைக்காமல் பத்து ஸ்ட்ரோக் ஓட்டி, ஒரு மிதிக்கு ஒரே அடிதானா, ராம் மேலேயே நிற்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒருமுறை இரட்டை அடி விழுந்தாலும் மெஷினைப் பூட்டிவிட்டு ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும்.

டை மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை டை மாட்டும் ஆளான டை செட்டரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதாக நின்று, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகே கையை உள்ளே விடலாம்.

இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அடி விழும் இரண்டு பட்டன் இருந்தும் ஒன்றில் கட்டையைச் செருகி ஓட்டுவார்கள். அதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. பீஸ் கணக்கில் கூலி கொடுத்தால் கை வேகத்தைத்தான் தேடும். இரண்டு பட்டனையும் விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த ஸ்ட்ரோக் வரும்படி வயரிங் செய்யலாம். அதைவிட முக்கியமானது கொள்கையில் வர வேண்டிய ஒரு வரி: சந்தேகம் வந்தால் ஆபரேட்டரே மெஷினை நிறுத்தலாம், நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு. முதலாளி கையெழுத்துப் போடத் தயங்குவது இந்த வரியில்தான். இது இல்லாவிட்டால் மற்றவை எதுவும் நடைமுறைக்கு வராது.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெடும். விரலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து, அந்த எண்ணைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.