பரணில் கிடந்த மாவட்டம்

வேலூர்ப் பக்கத்து வெயிலில் பரண் ஏறக் கூடாது என்று தெரிந்தும் நேற்று ஆற்காட்டு வீட்டில் ஏறினேன். முதலில் துணி, அப்புறம் புத்தகம், காகிதம், தட்டுமுட்டுச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார், மனசு மலர்ந்தால் மட்டும் வைத்துக்கொள் என்கிறார் வீட்டை ஒழித்து ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் ஜப்பானின் மரியே கோண்டோ. துணி அரை மணியில் முடிந்தது. எவர்சில்வரில் மாட்டிக்கொண்டேன். பெயர் வெட்டிய 11 குடங்கள்! அம்மாவுக்குக் கையில் எடுத்ததெல்லாம் மலர்ந்தது. “இது உன் பெரியத்தை வெச்சதுடா, இதைப் போய் போடுவியா?”

காகிதக் கட்டில் தாத்தாவின் ரேஷன் கார்டு. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. முத்திரையில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது வந்த பெயர். பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் அதையும் மூன்றாக்க, நாங்கள் ராணிப்பேட்டைக்காரர்கள் ஆனோம். வீடு என்னவோ அதே தெருவில்தான் இருக்கிறது. கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பழைய இரும்புக்காரர் மூன்று மூட்டைக்கு 150 ரூபாய் கொடுத்தார். அந்தக் காசில் மக்கன் பேடா வாங்கித் தின்றோம். காலி டப்பாவை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.