எழுபத்தெட்டாவது பொத்தான்

இடைத்தேர்தல் பணி என்று தெரிந்ததும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, "எத்தனை பேர் நிற்கிறார்கள்?" என்பதுதான். யாருடைய மரணத்தால் தேர்தல் வந்தது என்பதை எவரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. 2023 ஈரோடு கிழக்கு சட்டமன்றத் தொகுதிக்குக் கிடைத்த பதில்: 77. நோட்டாவையும் சேர்த்தால் 78. ஒரு வாக்குப்பதிவுக் கருவிக்கு 16 பொத்தான்கள் என்பதால் ஐந்து கருவிகள்.

பிப்ரவரி 27, விடியற்காலை. வகுப்பறை மேசைகளை ஒட்டிப் போட்டு ஐந்தையும் வரிசையாக வைத்தோம். மாதிரி வாக்குப்பதிவுக்கு ஐம்பது வாக்குகள் போதும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறையாவது அழுத்தியாக வேண்டுமே! அழுத்தினால், யாருக்கு வாக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி நின்று விழும். அடுத்தது. மறுபடி ஏழு விநாடி. பிறகு அத்தனை சீட்டுகளையும் எண்ணி, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டினோம். "சார், இதுவே ஒரு தேர்தல் மாதிரி இருக்கிறது" என்று கொட்டாவி விட்டார் ஒரு வேட்பாளரின் முகவர்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் பட்டியலில் முதலில் வரும் என்பதால் பெரும்பாலோர் முதல் கருவியோடு திரும்பிவிட்டார்கள். நோட்டாவோ கடைசி கருவியில். உயரமானவர் அங்கே போனால் மறைப்புக்கு மேலே தலை நகர்வது தெரிந்தது. முகவர்களின் நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், போட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பாட்டி, விரலில் மை வைக்கும்போது, "மகன் இருந்த இடத்துக்கு அப்பன் நிற்கும்படி ஆகிவிட்டதே" என்றார். சாவடிக்குள் வேட்பாளர் பேச்சு கூடாது என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. ஜனவரி 4 அன்று இறந்த தொகுதி எம்.எல்.ஏ. திருமகன் ஈவெராவுக்கு வயது 46. அவர் இடத்துக்குத்தான் தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் நின்றார், வென்றார்.

2024 டிசம்பர் 14 அன்று அவரும் காலமானார். இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்பது சட்டம். 2025 பிப்ரவரி 5 என்று தேதி வந்தது. கூடவே எனக்குப் பணி ஆணையும். இந்த முறை 46 பேர்.

"நல்லவேளை, மூன்று கருவிதான்" என்றேன் பயிற்சி வகுப்பில். முதல்முறை பணிக்கு வந்திருந்த பக்கத்து இருக்கை ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். நான் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் 17சி படிவத்தைப் புரட்டத் தொடங்கினேன்.