பி.ஏ.டி. தேர்வும் ஒரு அங்குலம் குறைந்த டிரைவரும்

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ.வில் கோல்ஃப் பயிற்சியாளராகச் சேர நினைப்பவர்கள் தாண்ட வேண்டிய படிகளில் ஒன்று பிளேயிங் எபிலிட்டி டெஸ்ட், சுருக்கமாக பி.ஏ.டி. நான் ஆடியது 36 குழி முறை. காலையில் 18, மதியம் 18, ஒரே நாளில். மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரருக்கு 18 குழிக்கு ஆகும் என்று மதிப்பிட்ட அடிகள்) இரண்டால் பெருக்கி 15 கூட்டினால் இலக்கு. ரேட்டிங் 72 என்றால் 159 அடிகளுக்குள் முடிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு கணக்கா என்றுதான் நானும் போனேன். முதல் முறை 166.

அன்று இரவு ஸ்கோர் கார்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். டிரைவரில், அதாவது தூர அடிக்கான நீள மட்டையில், அடித்த நான்கு பந்துகள் எல்லைக்கு வெளியே போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தண்டம் ஒன்று, பழைய இடத்திலிருந்து திரும்ப அடிக்கும் அடி ஒன்று. ஆக எட்டு. நான் தோற்றது ஏழில். பட்டிங்கை (குழியை நோக்கிப் பந்தை உருட்டுவதை) குறை சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே ஒன்று வாங்கி டிரைவரின் முகத்தில், பந்து படும் பக்கத்தில், அடித்துவிட்டு முப்பது பந்துகள் அடித்தேன். பந்து பட்ட இடமெல்லாம் தடம் விழும். என் தடங்கள் அம்மைத் தழும்பு மாதிரி முகம் முழுக்க இருந்தன. நுனிப் பக்கம் பட்டவை இடது பக்கம் வளைந்தன, ஹீல் பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) பட்டவை வலது பக்கம் ஓடின (நான் வலக்கை ஆட்டக்காரன்). என்னுடைய டிரைவர் 45.5 அங்குலம், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நீளம்தான். அதே பையில் இருந்த 43 அங்குல 3-வுட் (டிரைவரைவிடக் குட்டையான மட்டை) ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. டிரைவரின் நீளம்தான் சிக்கல் என்பதற்கு அதுவே பெரிய சாட்சி, நான்தான் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்கிறேன்: மட்டையை வெட்ட உடனே ரம்பத்தைத் தேடாதீர்கள். கிரிப்பை ஒரு அங்குலம் கீழே பிடித்துப் பத்து நாள் அடியுங்கள். தினமும் முப்பது பந்து, தடங்களைப் படம் எடுத்து வையுங்கள். எனக்குத் தடங்கள் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் இரண்டின் அகலத்துக்குச் சுருங்கின. நல்ல அடியில் நாலைந்து கெஜம் குறைந்தது, ஆனால் மோசமான அடி முன்பைவிடத் தூரம் போனது. பத்து நாளில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் சிக்கல் நீளத்தில் இல்லை, ஸ்விங்கில். மட்டையை வெட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியே கீழே பிடித்து ஆடிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆடலாம். எனக்குப் பதற்றமான டீயில் (குழியின் முதல் அடி அடிக்கும் இடத்தில்) கை தானாக மேலே ஏறிவிடும், அதனால்தான் வெட்டினேன்.

வெட்டியதும் நான் செய்த தப்பு இது. ஒரு அங்குலம் எடுத்தேன், புதுக் கிரிப் போட்டேன், மைதானத்துக்குப் போய்விட்டேன். மட்டையின் தலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, சிலம்பக் குச்சியைச் சுற்றுவது போல இருந்தது. அந்த வாரம் முன்பைவிட மோசம். காரணம் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு. அரை அங்குலம் குறைத்தால் சுமார் மூன்று புள்ளிகள் குறையும், ஒரு அங்குலத்துக்கு ஆறு. டி3 ஆக இருந்தது (இந்த அளவில் சி9க்கு அடுத்தது டி0) சி7க்கு வந்துவிட்டது. தலையில் சேர்க்கும் ஒவ்வொரு இரண்டு கிராமும் ஏறத்தாழ ஒரு புள்ளியைத் திருப்பித் தரும். முழுக்கத் திரும்ப 12 கிராம் வேண்டும். அடிப்பக்கத் திருகு எடையைக் கனமானதாக மாற்றி, மீதிக்கு ஈய டேப் ஒட்டி, மொத்தம் 8 கிராமில், அதாவது டி1இல் நிறுத்திக்கொண்டேன். முழுதும் சேர்த்தால் மட்டை கனத்தது, சாயங்காலம் தோள் சொல்லிவிடும். டேப்பை நடுவில் ஒட்டுங்கள். ஹீல் பக்கம் ஒட்டினால் பந்து இடது பக்கம் திரும்பப் பார்க்கும், அது வேறு தலைவலி.

வெட்டும் வேலை பெரிதல்ல. கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும். தலைப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) விறைத்துவிடும். கிராஃபைட் என்றால் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, நுண் பல் ஹேக்ஸா பிளேடால், ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி மெதுவாக அறுங்கள். முகக் கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஷாஃப்ட் கீழே போகப் போக மெலிவது என்பதால் கிரிப்பும் கொஞ்சம் மெலிந்துவிடும். அடியில் ஒரு சுற்று டேப் கூடுதலாகப் போட்டால் சரி.

அயர்ன்களில் (இரும்புத் தலை மட்டைகளில்) இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே அரை அங்குலத்துக்குச் சாய்கோணம் (தரையோடு ஷாஃப்ட் சாயும் கோணம்) ஒரு டிகிரி அளவுக்கு மாறிவிடும், அடுத்தடுத்த மட்டைகளின் தூர இடைவெளியும் குழம்பும். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ எல்லா அயர்னையும் 37.5 அங்குலத்தில் வைத்திருப்பது உண்மைதான். அவருடையது ஆரம்பத்திலிருந்தே அந்த நீளத்துக்கென்று அமைத்த தொகுதி.

"நீளம் இருந்தால்தானே தூரம்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். ஃபில் மிக்கெல்சன் 2021இல், 50 வயதில், 47.9 அங்குல டிரைவரோடு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வென்றார். அதற்கு எதிர்ப்பக்கம் ரிக்கி ஃபவுலர் 2017இல் 43.5 அங்குலத்துக்கு இறங்கினார். இரண்டு பேரும் நம்மைவிட நன்றாக ஆடுபவர்கள், எனவே யாரையும் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. பி.ஏ.டி.யில் நீளமாக அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இந்த வேலையையெல்லாம் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சுற்று தொடங்கிய பின் ஈய டேப்பை ஒட்டுவதோ பிய்ப்பதோ கோல்ஃப் விதி 4.1படி கூடாது. காலைச் சுற்றில் தலை கனமாகத் தோன்றினாலும் அதோடுதான் முடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை 157. மதியம் 12வது குழியில் ஒரு பந்து வெளியே போகத்தான் செய்தது. தடம் பார்த்தேன், முகத்தின் நடுவில்தான் பட்டிருந்தது. குறி வைத்ததே தப்பு.