மாநிலக் காளானும் பட்ட மரக் கட்டையும்

2021இல் டெக்சாஸ் அரசு ஒரு காளானை மாநிலச் சின்னமாக அறிவித்தது. டெக்சாஸ் ஸ்டார் என்பது மக்கள் வழங்கும் பெயர்; கோரியோஆக்டிஸ் ஜியாஸ்டர் என்பது அறிவியல் பெயர். ஆஸ்டினில் நான் பழகும் தமிழர்களில் இதைக் கேள்விப்பட்டவர் எவரும் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஓடைக்கரைகளில் சீடர் எல்ம் என்ற மரம் பட்டுப்போய், அதன் அடிக்கட்டையும் வேரும் மக்கிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இது முளைக்கும். பனிக்காலந்தான் பருவம். முதலில் கரும்பழுப்பில், மேலெல்லாம் பூனைமயிரோடு, தடித்த சுருட்டாக நிற்கும். அதனால் டெவில்ஸ் சிகார் என்றும் சொல்கிறார்கள். முற்றியதும் உச்சியிலிருந்து பல இதழ்களாகப் பிளந்து நட்சத்திரமாக விரியும். அப்போது வித்துகள் புகையாகக் கிளம்பும். அருகில் இருந்தால் ‘உஸ்’ என்று சத்தமும் கேட்கும். காதில் விழும்படி ஒலி எழுப்பும் காளான்கள் உலகில் மிகச் சில. விரிந்த நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ‘உஸ்’ மட்டும் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

1893இல் முதன்முதலாக இது சேகரிக்கப்பட்டதே ஆஸ்டினில்தான். பிறகு 1937இல் ஜப்பானின் கியூஷூ தீவில் இருப்பதாகத் தகவல் வந்தது. இடையில் ஒரு பசிபிக் பெருங்கடல்! யாரோ மரத்தோடு கொண்டுபோயிருப்பார்கள் என்று சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் 2004இல் வெளியான மரபணு ஆய்வின்படி, இரு கூட்டங்களும் பிரிந்து குறைந்தது 1 கோடியே 90 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் மேல் பழி போட வழியில்லை. அந்தப் பேரினத்தில் இருப்பதும் இந்த ஓர் இனம் மட்டுமே.

ஜப்பானில் இது பட்டுப்போன ஓக் மரங்களில் வளர்கிறது. காடு அழிவதால் அங்கே அருகிவிட்டது. அந்நாட்டின் சிவப்புப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் என்ன நிலை? அருகிவரும் உயிரினங்களுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் பூஞ்சை வகையில் இருப்பவை இரண்டே இரண்டு. இரண்டும் லைக்கன்கள், அதாவது நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவினர்கள். காளான் ஒன்றுகூட இல்லை. மாநிலச் சின்னம் என்பதும் வெறும் மரியாதைதான், காவல் அல்ல.

பறித்துத் தின்பவர்களால் இதற்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. சுத்தம் பார்ப்பவர்களால்தான் ஆபத்து. எங்கள் குடியிருப்புச் சங்கம் ஓடைக்கரையில் பட்ட கட்டை தெரிந்தாலே இயந்திரத்தை வரவழைத்து வேரோடு தூளாக்கிவிடுகிறது. இந்தக் காளானுக்கு வீடே அந்தக் கட்டைதான். புல்வெளியில் ஒரு மஞ்சள் பூ தலைகாட்டினாலே பதறுகிறவர்களிடம் மக்கிய மரத்துக்காக வாதாடுவது லேசான வேலையா? கட்டைகளை அப்படியே விட்டுவைக்கும்படி, மாநிலச் சின்னம் என்பதை அழுத்திச் சொல்லிக் கடிதம் எழுதினேன். நிர்வாகி தொலைபேசியில் அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: “அதைச் சாப்பிடலாமா?”

இந்த முறை அக்கரையில் இருந்த கட்டைகளை விட்டுவிட்டார்கள். கடிதத்தின் பலனோ என்று விசாரித்தேன். அந்தச் சரிவில் இயந்திரம் இறங்காதாம்.