பெக்டினை வெட்டிக் காரட் செல்களை எழுப்பிய கதை

ஒருவழியாக நீலம் வந்துவிட்டது! பெக்டின் (செடியின் செல்சுவரிலுள்ள சங்கிலி மூலக்கூறு) துண்டுகளைச் சேர்த்த காரட் செல் குடுவையிலிருந்து பத்து நிமிடம் கழித்து எடுத்த திரவம், மாவுச்சத்து-அயோடைடு கரைசலில் நீலமாக மாறியது. ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் வரும் நிறம் அது. வெறும் நீர் விட்ட குடுவையின் திரவம் அப்படியே இருந்தது. இரண்டு குழாய்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

காலஸ் (வடிவமற்ற செல் திரள்) எடுப்பது, 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கியின் அளவு, குலுக்கியின் வேகம் எல்லாம் செல் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். உயிரை எடுத்தது பெக்டினை வெட்டும் வேலைதான்.

பூஞ்சை செல்சுவரை அரிக்கும்போது சிதறும் பெக்டின் துண்டுகளையே செடி ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. சுவரின் துண்டே எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கத் தூண்டுகிறது என்று 1981-இல் தாவர வேதியியலாளர் ஆல்பர்ஷைமின் குழுவினர் சோயாவில் காட்டினார்கள். துண்டு வந்ததும் செல் சவ்விலுள்ள ஆக்சிடேஸ் என்ற நொதி முடுக்கப்பட்டு சூப்பர் ஆக்சைடு பிறக்கிறது; அது ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. எந்தத் துண்டானாலும் சரி என்று விட்டுவிட முடியாது. பெக்டின் சங்கிலியின் கண்ணியான கேலக்டுரானிக் அமிலம் 10 முதல் 15 வரை கோத்த சங்கிலிக்குத்தான் வீரியம் அதிகம். ஒன்றிரண்டாக நொறுங்கிவிட்டால் செல் திரும்பிக்கூடப் பார்க்காது.

வெட்டுவதற்குப் பழச்சாறு தெளிவாக்கும் பெக்டினேஸ். அதில் சங்கிலியை நடுவில் வெட்டும் நொதியும் இருக்கிறது, நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்னும் நொதியும் இருக்கிறது. முதலாவது வேலையை முடித்து, இரண்டாவது எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதற்குள் நிறுத்தியாக வேண்டும். சர்க்கரைப் பாகுக்குப் பதம் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். கண்ணாடிக் கோலைத் தூக்கினால் முதலில் நூலாக இறங்கும். பிறகு நூல் அறுந்து கொழுத்த சொட்டாகும். கடைசியில் தண்ணீராக ஓடும். சொட்டு மெலியத் தொடங்கும்போதே சிறிது எடுத்து ஆல்கஹாலில் விட்டுப் பார்க்க வேண்டும். கயிறு கயிறாகத் திரண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெல்லிய வெள்ளைக் கலங்கலாக இறங்கினால் உடனே கொதிநீரில் வைத்து நொதியைக் கொன்றுவிட வேண்டும். கலங்கலே இல்லையென்றால் கதை முடிந்தது. அப்படி முழுக்கக் கரைந்த கரைசலையும் நான் கொட்டவில்லை. அதே பெக்டின், அதே நொதி, நீளம் மட்டும் இல்லை. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. அதை விட்ட குடுவையில் நீலம் வரவே இல்லை.

ஜாம் பெக்டினை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் சர்க்கரை கலந்தே விற்கிறார்கள். ஆல்கஹாலில் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். பெக்டின் சங்கிலியில் ஒட்டியிருக்கும் மெத்தில் குழுக்களை நீக்கக் காரம் சேர்க்கும்போது குளிர்ச்சியிலேயே வைத்திருங்கள், சூட்டில் காரமே சங்கிலியை உடைத்துவிடும். நான் பெக்டினேஸ் வாங்கிய கடையில் புட்டியின் மேல் நொதியின் செயல்திறன் அளவே அச்சிடவில்லை. கேட்டால் "நல்ல சரக்கு சார்" என்றார்கள். அளவு தெரியாமல் வெட்டும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

செல்களைக் கழுவினாலே, வேகமாகக் குலுக்கினாலே அவை தாமாகவே பெராக்சைடு விடும். அதனால் கழுவிய பின் சில மணி நேரம் பழைய வேகத்திலேயே குலுக்கியில் ஓய்வெடுக்க விடுகிறேன். நீலத்தைச் செல்லில் பார்க்காதீர்கள், வடிகட்டிய திரவத்தில் மட்டும் பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்தும் அயோடினால் நீலமாகிக் கண்ணை ஏமாற்றும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்த குடுவையில் நீலம் எழவில்லை என்பதால், இது பெராக்சைடுதான் என்று துணிந்து சொல்கிறேன்.

இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துவைப்பது கால்சியம். ஈஜிடிஏ சேர்த்துக் கால்சியத்தைப் பறித்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. செடியின் எதிர்ப்பைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மெல்லடுக்குத் தட்டுகள் வந்ததும் அதைத் தொடர வேண்டும்.