நல்ல கேன்சராம்

"தைராய்டா? அது நல்ல கேன்சர்ப்பா, பயப்படாத" என்று சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. பாப்பிலரி வகை, பெரும்பாலும் குணமாகிவிடும் என்று டாக்டரும்தான் சொன்னார், மறுக்கவில்லை. ஆனாலும் கேன்சரில் என்னங்க நல்லது?

வந்தது என் வீட்டுக்காரிக்கு. மண்டபம் பக்கம் கரையில் மீன் ஏலம் எடுத்து ஊருக்குள் விற்பவள். அவளுக்குக் குரல்தான் முதல். கழுத்திலிருக்கிற தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்த பிறகு அந்தக் குரல் வெறும் காற்றாக வந்தது. குரல்வளைக்குப் போகும் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறதாம்.

அப்புறம் அயோடின் 131, கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்து. மிச்சமிருக்கிற தைராய்டு செல்கள் அந்த மருந்தை நன்றாக உறிஞ்சணும் என்றால் அதற்கு முன்பே உடம்பை அயோடினுக்கு ஏங்கவிடணும். அதனால் மீன், நண்டு, கணவாய், கருவாடு, பால், முட்டை மஞ்சள் கரு, அயோடின் உப்பு எல்லாம் நிறுத்தம். எங்கள் மாவட்டத்திலேயே வாலிநோக்கத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டு, அயோடின் சேர்க்காத உப்பைத் தேடி நான் கடை கடையாக அலைந்தேன், சமையலுக்கு அதை விற்க 2006-லிருந்து நாடு முழுக்கத் தடை. பக்கத்து வீட்டு அக்கா குளிர்ச்சிக்கு என்று கடல்பாசி காய்ச்சி எடுத்து வந்தார், அதுவும் ஆகாது. நல்லவேளை ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் தெருவிலேயே மீன் வாசம் குறைவு. கருப்பட்டிக் காப்பி, நுங்கு, பருப்பு ரசம் என்று ஓட்டினோம்.

மருந்து சாப்பிட்டு வந்தவளைச் சின்னவள் கட்டிப்பிடிக்கக் கூடாது. அந்த அயோடினின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 8 நாள் ஆகும் என்பதால் பிள்ளையை என் தங்கச்சி வீட்டில் விட்டோம். தினமும் போனில் "அம்மாவ பேசச் சொல்லு" என்று அழுகை. அம்மாவுக்குப் பேச வந்தால்தானே?

சிகிச்சை முடிந்ததும் ஊர் மறந்துவிட்டது. சரியாயிடுச்சுல்ல, அப்புறமென்ன? எனக்குத் தெரிந்து கஷ்டமே அதற்குப் பிறகுதான். சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போடுகிற தைராக்சின் மாத்திரையின் அளவு சரிப்படும்வரை மதியத்திலேயே சுருண்டு படுத்துவிடுவாள், கால்சியம் குறைந்தால் விரலெல்லாம் மரத்துக் கூசும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், அப்புறம் ஒரு மணி நேரம் டீ கிடையாது, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. விடியும் முன்பே கரைக்கு ஓடுகிறவளுக்கு இது லேசுப்பட்ட காரியமில்லை. இப்போது எங்கள் வீட்டில் யாருமே அந்த ஒரு மணி நேரம் டீ குடிப்பதில்லை, என் அம்மா உட்பட (முணுமுணுப்பு உண்டு).

தடைக்காலம் முடிந்து போட்டுகள் போனதும் அவளும் கூடையைத் தூக்கிவிட்டாள். குரல் முழுசாகத் திரும்பவில்லை, விரலைக் காட்டித்தான் விலை கேட்கிறாள், கேட்காத மாதிரி நடிக்கிற ஏலக்காரர்களும் இருக்கிறார்கள். அதற்கு என் தங்கச்சி பக்கத்தில் நின்று கத்துகிறாள். ஆபரேஷன் செலவு பெரும்பாலும் முதலமைச்சர் காப்பீட்டில் போனது, மதுரைக்குப் போய்வந்த கடன்தான் பாக்கி. கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கிற அடுத்த தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனைக்குள் அதில் பாதியையாவது அடைக்கணும் என்கிறாள்.